செழிப்பின் ஆண்டுகளில் படிக்க வேண்டிய பாடம்

தியானத்துக்கான வேதபகுதிகள்: ஆதியாகமம் 41, லேவியராகமம் 13, லூக்கா 15:3-7



சென்ற மாதம் ஒரு மாலை வேளையில் நம் சபையைச் சேர்ந்த ஒரு தம்பதியர் குருமனைக்கு வந்திருந்தார்கள். அவர்களுடைய மகள் எம்.பி.பி.எஸ். முடித்துவிட்டாள், பயிற்சி மருத்துவராக ஓராண்டுப் பணியும் நிறைவுற்றது. பொது மருத்துவத்திலோ குழந்தை மருத்துவத்திலோ மேற்படிப்புக்குச் செல்வாள் என்று பெற்றோர் எதிர்பார்த்திருந்தார்கள். அவளோ, கொள்ளைநோய்கள் எவ்வாறு பரவுகின்றன, அவற்றை எதிர்கொள்ள ஒரு நாடு எவ்வாறு முன்கூட்டியே ஆயத்தமாகிறது என்பதைக் குறித்த முதுநிலைப் படிப்பையே படிக்கப் போவதாகச் சொல்லிவிட்டாள்.

"ஐயா, நீங்கள் சொன்னால் கேட்பாள். இவ்வளவு படித்துவிட்டு, நோயாளியைத் தொடாத டாக்டராக இருக்கப் போகிறாளாம். கொரோனாவும் போய்விட்டது. இனி அந்தப் படிப்பால் யாருக்கு என்ன பயன்?" என்று தாயார் கண்கலங்கக் கேட்டார்கள்.

அந்தக் குடும்பத்தாரின் அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன். அந்தத் தாயாரின் கேள்வி நம்மில் பலருடைய மனதில் இருக்கும் கேள்வி. குணமாக்கும் மருத்துவரை நாம் மதிக்கிறோம். நோய் வராமல் காப்பவரை நமக்குத் தெரிவதே இல்லை. அன்று அவர்களுக்கு நான் சொன்ன பதிலை உங்களுக்கும் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். அதற்கு முன்பாக ஓர் அறிக்கை செய்ய வேண்டியவனாயிருக்கிறேன். அந்த மகளுக்கு இந்தக் காரியத்தில் அறிவுரை சொல்லும் தகுதி எனக்கு இல்லை.

அந்த ஈஸ்டர் அதிகாலை

2021ஆம் ஆண்டு ஏப்ரல் 4ஆம் தேதி ஈஸ்டர் திருநாள். முந்தைய ஆண்டு ஈஸ்டரன்று ஆலயக் கதவுகள் பூட்டியிருந்தன. பூட்டிய ஆலயத்தில் தனியே நின்று உயிர்த்தெழுதலின் நற்செய்தியை வாசித்த வேதனையை நான் மறக்கவில்லை. ஆகவே, இம்முறை சபையார் அனைவரும் அதிகாலை ஆராதனைக்கு ஒன்றாகக் கூடவேண்டும் என்று வாஞ்சித்தேன். தொற்று எண்ணிக்கை பிப்ரவரியில் மிகவும் தாழ்ந்திருந்தது. ஊரெங்கும் தேர்தல் கூட்டங்கள் நடந்துகொண்டிருந்தன. வீதியில் கூடலாம், ஆலயத்தில் கூடக்கூடாதா என்று நானும் கேட்டேன்.

பெரிய வெள்ளியன்று ஆராதனை முடிந்தபின், அப்பொழுது மருத்துவக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த இதே மகள் என்னிடம் வந்தாள். "ஐயா, எண்ணிக்கை மறுபடியும் ஏறுகிறது. ஈஸ்டர் ஆராதனையை இரண்டாகப் பிரித்து வெளி முற்றத்தில் வைக்கலாமா? வயதானவர்களை இந்த ஒருமுறை வீட்டிலிருந்தே பங்குபெறச் சொல்லலாமா?" என்று பணிவாகக் கேட்டாள். நான் புன்னகையோடு, "பயப்படாதே மகளே, ஆண்டவர் பார்த்துக்கொள்வார்" என்றேன். அவள் மறுவார்த்தை பேசவில்லை.

அந்த அதிகாலையில் ஆலயம் நிரம்பி வழிந்தது. அடுத்த நாள் வெளியான கணக்கின்படி, நாட்டில் ஒரே நாளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குத் தொற்று உறுதியாகியிருந்தது. மே மாதத்தின் முதல் வாரத்தில் அது 4 லட்சத்தைக் கடந்தது. அந்த மே மாதத்தில் நம் சபையில் நான்கு பேரை அடக்கம் செய்தேன். அவர்களுள் ஒருவர் நம் ஆலயத்தில் நெடுங்காலம் மணியடித்த பெரியவர். அந்த ஈஸ்டர் மணியும் அவர் அடித்ததே.

அவர்கள் அந்த ஆராதனையில்தான் தொற்றைப் பெற்றார்கள் என்று எவரும் நிரூபிக்க முடியாது. இல்லை என்றும் எவரும் நிரூபிக்க முடியாது. அந்த நிச்சயமின்மையோடுதான் நான் வாழ்ந்துகொண்டிருக்கிறேன். கல்லறைத் தோட்டத்தில் கவச உடைக்குள் வியர்த்து நின்றபொழுது, "ஆண்டவர் பார்த்துக்கொள்வார்" என்ற என் வார்த்தை என்னையே நோக்கித் திரும்பி வந்தது. அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். எச்சரிக்கும்படி ஒரு மகளையும் அனுப்பினார். கேளாதவன் நான்.

அந்தப் படிப்பு எதைக் கற்பிக்கிறது?

பெற்றோருக்கு நான் முதலில் விளக்க முயன்றது இதையே. நமக்கு நன்கு தெரிந்த ஓர் உதாரணத்தால் சொல்லுகிறேன்.

நம் சபையின் அசன விருந்துக்குப் பிறகு பலருக்கு வயிற்றுப்போக்கு ஏற்பட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். நாம் உடனே என்ன சொல்லுவோம்? "கறி கெட்டுப்போயிருக்கும்" என்று சமையற்காரர்மேல் பழிபோட்டுவிடுவோம். மருத்துவமனையிலிருக்கும் மருத்துவர் வந்தவர்களுக்கெல்லாம் சிகிச்சை அளிப்பார். அது அவருடைய நல்ல பணி. தொற்றுநோயியல் கற்றவரோ ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு வீடு வீடாகச் செல்வார். யாருக்கு, எந்த நாளில், எந்த மணி நேரத்தில் நோய் தொடங்கியது என்று ஒவ்வொருவராக எழுதுவார். பிறகு நாம் நினைத்துக்கூடப் பாராத ஒன்றைச் செய்வார்: நோய் வராதவர்களையும் தேடிச்சென்று, அவர்கள் எதைச் சாப்பிட்டார்கள், எதைக் குடித்தார்கள் என்று கேட்பார்.

பந்தலிலிருந்த தண்ணீர்த் தொட்டியிலிருந்து குடித்த 100 பேரில் 40 பேருக்கு நோய். வீட்டிலிருந்து தண்ணீர் கொண்டுவந்த 100 பேரில் 4 பேருக்கு மட்டுமே நோய். கறியோ இரு சாராரும் உண்டதுதான். அப்பொழுது உண்மை வெளிப்படும். தொட்டி மூடப்படும், சமையற்காரரின் நற்பெயரும் காக்கப்படும்.

இந்த எளிய முறையின் விரிவைத்தான் முதுநிலையில் இரண்டு மூன்று ஆண்டுகள் படிக்கிறார்கள். புள்ளியியல், நோய்க் கண்காணிப்பு, ஆய்வகச் சோதனை, விலங்குகளிலிருந்து மனிதருக்குத் தாவும் கிருமிகள், வதந்திகளின் நடுவே மக்களிடம் உண்மையைப் பேசும் முறை, நோயாளியின் இரகசியத்தையும் கண்ணியத்தையும் காக்கும் நெறிகள் என்பவை அதற்குள் அடங்கும். அடுத்த பெருந்தொற்று வந்தால் எத்தனை படுக்கைகள் வேண்டும், எத்தனை பேருக்கு ஆக்சிஜன் தேவைப்படும் என்று முன்னதாகவே கணக்கிடுவதும் அதில் ஒரு பகுதி. இப்படிப்பட்ட கல்வி நமக்குத் தூரமானதன்று. சென்னையிலுள்ள தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் 1999இல் உருவானது. மருத்துவப் புள்ளியியல் ஆய்வு நிறுவனமும், ஆவடியில் தொழுநோய் ஆய்வு நடத்திவந்த களப்பிரிவும் அதில் ஒன்றிணைந்தன. தொழுநோயாளரைத் தொட்ட ஆண்டவரைப் பின்பற்றுகிற நாம், அந்தக் கல்வியின் ஒரு வேர் அங்கே இருப்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இரவு ரயிலில் போன இரத்த மாதிரிகள்

முதுநிலை மாணவர் ஒருவரின் ஆய்வுக் கட்டுரையால் என்ன ஆகிவிடும் என்று கேட்கிறவர்களுக்கு, நம் மாநிலத்திலேயே ஒரு சாட்சி உண்டு.

1985ஆம் ஆண்டின் பிற்பகுதி. சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் முதுநிலை படித்துக்கொண்டிருந்த செல்லப்பன் நிர்மலா, தமது ஆய்வுக்குத் தலைப்புத் தேடிக்கொண்டிருந்தார். எய்ட்ஸ் நோய் நம் நாட்டில் இருக்கிறதா என்று ஆராய்ந்து பாரும் என்றார் அவருடைய பேராசிரியர் சுனிதி சாலமன். அது மேல்நாட்டாரின் நோய், நம்மிடம் வராது என்று பலரும் பெருமையாக எண்ணியிருந்த காலம் அது. காப்பகத்தில் வைக்கப்பட்டிருந்த, சமுதாயம் முகம் திருப்பிக்கொண்ட பெண்களிடமிருந்து நிர்மலா இரத்த மாதிரிகளைச் சேகரித்தார். இன்றைய பாதுகாப்புச் சாதனங்கள் எதுவும் அவரிடம் இல்லை. மாதிரிகளைத் தம் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியிலேயே வைத்திருந்தார். சோதிக்கும் வசதி சென்னையில் அவருக்குக் கிடைக்காதபடியால், 1986 பிப்ரவரியில் கணவரோடு இரவு ரயிலில் காட்பாடிக்குச் சென்று, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு அவற்றைக் கொண்டு சேர்த்தார். அங்கே ஜேக்கப் ஜான் என்ற வைரஸ் ஆய்வாளரின் குழுவினர் சோதித்தார்கள். சில மாதிரிகளில் எச்.ஐ.வி. இருப்பது தெரியவந்தது. அமெரிக்காவில் செய்யப்பட்ட மறுசோதனையும் அதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டில் அந்தச் செய்தி தமிழகச் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டது.

எச்.ஐ.வி. இந்தியாவுக்குள் வந்துவிட்டது என்று நாடு அறிந்துகொண்டது இப்படித்தான், ஒரு மாணவியின் முதுநிலை ஆய்வினாலே. இரத்த தானத்தைச் சோதிப்பதும், தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்றாமல் தடுப்பதும், மக்களுக்கு அறிவூட்டுவதும் அந்த அறிவின் மேல் கட்டப்பட்டவை. அதனால் காக்கப்பட்டவர்கள் யாரென்று அவர்களுக்கே தெரியாது. இரத்தம் கொடுத்த அந்தப் பெண்களின் பெயர்களையும் எவரும் அறியார். இப்படிப்பட்டவர்களுக்கு நாம் எவ்வளவு கடன்பட்டவர்கள் என்பதைக் கற்பிப்பதும் இன்றைய படிப்பின் ஒரு பாகமே.

ஓராண்டு செய்த வித்தியாசம்

ஆயத்தம் என்றால் என்ன என்பதற்கு நம் அண்டை மாநிலம் மற்றொரு பாடம் வைத்திருக்கிறது. 2018 மே மாதத்தில் கோழிக்கோடு மாவட்டத்தில் நிபா வைரஸ் பரவியது. பழந்தின்னி வௌவால்களிடமிருந்து வரும் இந்த வைரஸ் கேரளத்தில் அதற்குமுன் கண்டறியப்பட்டதில்லை. முதல் நோயாளி இன்ன நோயென்று தெரியாமலேயே இறந்தார். அதே குடும்பத்தில் அடுத்தவர் நோயுற்றபொழுதுதான் மருத்துவர்கள் சந்தேகித்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். அதற்குள்ளாக மருத்துவமனைகளிலேயே பலருக்குத் தொற்றிவிட்டது. முதல் நோயாளியைப் பராமரித்த லினி என்ற இளம் செவிலியர், இரண்டு சிறு பிள்ளைகளின் தாய், தம் உயிரைக் கொடுத்தார். அந்தப் பரவலில் மொத்தம் 17 பேர் மாண்டார்கள்.

2019 ஜூன் மாதத்தில் எர்ணாகுளத்தில் 23 வயது மாணவர் ஒருவருக்கு நிபா உறுதியானது. இந்த முறை எதைத் தேட வேண்டும் என்று மருத்துவர்களுக்குத் தெரிந்திருந்தது. அவரோடு தொடர்பிலிருந்த 300க்கும் மேற்பட்டோர் கண்டறியப்பட்டுக் கண்காணிக்கப்பட்டார்கள். அந்த மாணவர் பிழைத்தார். வேறொருவருக்கும் தொற்றவில்லை. ஓர் உயிரும் போகவில்லை.

அன்பானவர்களே, இவற்றுள் எந்த ஆண்டை நாம் நினைவில் வைத்திருக்கிறோம்? 2018ஐ. 2019ஐ நாம் மறந்துவிட்டோம். நடவாமற்போன அடக்க ஆராதனைகளை எவரும் எண்ணுவதில்லை. இந்தத் துறையைத் தெரிந்துகொள்ளுகிற பிள்ளை, தன் வெற்றியை உலகம் காணாது என்று அறிந்தே அதைத் தெரிந்துகொள்ளுகிறது.

விசுவாசமும் கணக்கும்

"இப்படி முன்கூட்டியே ஆயத்தமாவது அவிசுவாசம் அல்லவா? நாளைக்காகக் கவலைப்பட வேண்டாம் என்று ஆண்டவர் சொல்லவில்லையா?" என்று அன்று தகப்பனார் கேட்டார். நியாயமான கேள்வி. கவலை என்பது நாளைய தினத்தை நம் தலையில் சுமப்பது. ஆயத்தமோ இன்றைய தினத்தின் வேலையைச் செய்வது. களஞ்சியம் கட்டின யோசேப்பு கவலைப்பட்டவனாக வேதத்தில் காணப்படவில்லை. அவன் ஐந்தில் ஒரு பங்கு தானியத்தைச் சேர்த்துவைத்தான். இரவில் தூங்கியும் இருப்பான்.

எண்ணுவதைக் குறித்தும் வேதம் இரண்டு விதமாகப் பேசுகிறது. தாவீது தன் சேனையின் பலத்தை அறியும்படி ஜனங்களை எண்ணினான். அது கொள்ளைநோயில் முடிந்தது. நல்ல மேய்ப்பனும் எண்ணுகிறான். நூறு ஆடுகளில் ஒன்று குறைகிறது என்று அவன் அறிந்தது எண்ணினபடியினால் அல்லவா? பெலனுள்ளவர்களைப் பெருமைக்காக எண்ணுவது ஒன்று. காணாமற்போனதைத் தேடும்படி எண்ணுவது வேறொன்று. வீடு வீடாகச் சென்று நோயாளிகளின் பட்டியல் எழுதுகிற பெண் இரண்டாவது வகையைச் சேர்ந்தவள்.

லேவியராகமம் 13ஆம் அதிகாரத்தை நாம் வேகமாகப் புரட்டிவிடுகிறோம். அங்கே ஆசாரியன் உற்றுப்பார்க்கிறான், சந்தேகமானால் அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்லாமல் ஏழு நாள் தனித்திருக்கச் செய்கிறான், மறுபடியும் பார்க்கிறான், தேவையானால் இன்னும் ஏழு நாள். அடுத்த அதிகாரத்தில், குணமானவனைப் பார்க்க ஆசாரியனே பாளயத்துக்குப் புறம்பே செல்லுகிறான், அவனை மறுபடியும் சேர்த்துக்கொள்ளும்படி. கவனமாகப் பார்ப்பது, சபையைக் காப்பது, விலக்கப்பட்டவரைத் திரும்பக் கூட்டிச் சேர்ப்பது ஆகிய மூன்றும் ஊழியமாகவே அங்கே எண்ணப்பட்டன.

1527இல் விட்டன்பெர்க் நகரில் கொள்ளைநோய் பரவியபொழுது, மார்ட்டின் லூத்தர் ஓடிப்போகாமல் அங்கேயே தங்கி நோயாளிகளைக் கவனித்தார். அதைக் குறித்து எழுதியபொழுதோ, தைரியம் என்ற பெயரில் மருந்தையும் எச்சரிக்கையையும் புறக்கணிப்பது தேவனைச் சோதிப்பதாகும் என்றும், தன் அசட்டையினால் அயலானுக்கு நோயைக் கடத்துகிறவன் அவனுடைய உயிருக்குப் பொறுப்பாளி என்றும் வாதிட்டார். அந்தக் கட்டுரையை நான் இறையியல் கல்லூரியில் படித்திருந்தேன். 2021 ஈஸ்டரன்று அது என் நினைவுக்கு வரவில்லை.

பார்வோனின் செவி

யோசேப்பின் சரித்திரத்தைப் பிரசங்கிக்கும்பொழுதெல்லாம் நான் யோசேப்பைப் பற்றியே பேசிவந்தேன். இப்பொழுது பார்வோனைப் பற்றியும் பேச வேண்டும் என்று உணருகிறேன். களஞ்சியங்கள் நிறைந்திருந்த காலத்தில், சிறையிலிருந்து கொண்டுவரப்பட்ட ஒரு அந்நிய வாலிபன், பஞ்சம் வரும் என்றான். அரசன் அவனைப் பார்த்துப் புன்னகைத்து அனுப்பிவிடவில்லை. அவனுக்கு முத்திரை மோதிரத்தைக் கொடுத்தான். எகிப்து பிழைத்ததில் பாதிப் பங்கு, சொன்னவனுடைய ஞானத்துக்கு. மறுபாதி, செழிப்பின் நாட்களில் கேட்டவனுடைய செவிக்கு. பின்னாளில் அந்தத் தானியத்தை உண்டு பிழைத்தவர்களுக்குள் யோசேப்பை விற்றுப்போட்ட சகோதரரும் இருந்தார்கள்.

இப்பொழுது நாம் செழிப்பின் ஆண்டுகளில் இருக்கிறோம். முகக்கவசங்கள் அலமாரியின் அடியில் கிடக்கின்றன. அந்த நாட்களைப் பேசவே நமக்கு மனமில்லை. மனிதன் காடுகளை நெருக்குகிறான். ஒரு நாளுக்குள் உலகின் மறுகோடிக்குப் பறந்துவிடுகிறான். அடுத்த பெருந்தொற்று எந்த ஆண்டில் வரும் என்று எவராலும் குறித்துச் சொல்ல முடியாது. வராது என்று சொல்லத்தக்கவரும் இல்லை. அதற்கான படிப்பைப் படிக்கும் காலம் இதுவே. பஞ்சம் தொடங்கியபின் களஞ்சியம் கட்ட முடியாது.

ஆகவே, மூன்று காரியங்களை உங்களிடம் கேட்டுக்கொள்ளுகிறேன். பெற்றோரே, உங்கள் பிள்ளை பொதுச் சுகாதாரத்தையோ தொற்றுநோயியலையோ தெரிந்துகொண்டால், வருமானத்தையும் மருத்துவமனைப் பெயர்ப்பலகையையும் மட்டும் அளவுகோலாக்கி அவர்களைத் தடுக்காதிருங்கள். சம்பளம் குறைவாகவும் வேலை நிலையற்றதாகவும் இருக்கக்கூடும் என்பதை நான் மறைக்கவில்லை. அந்தப் பாரத்தைப் பிள்ளை தனியே சுமக்காதபடி சபை தாங்க வேண்டும். வாலிபரே, செவிலியர், கால்நடை மருத்துவர், புள்ளியியல் படித்தவர் ஆகிய பலருக்கும் இத்துறையில் இடமுண்டு; விசாரித்துப் பாருங்கள். மூன்றாவது வேண்டுகோள் எனக்கும் நம் சபைக்குழுவுக்கும் உரியது. பெருங்கூட்டம் கூடும் பண்டிகைகளுக்கு முன்பாக, நம் சபையிலுள்ள சுகாதாரப் பணியாளர்களிடம் ஆலோசனை கேட்கும் வழக்கத்தை ஏற்படுத்தப்போகிறோம். வருகிற அசனத்தின் தண்ணீர்த் தொட்டியிலிருந்தே அதைத் தொடங்குவோம்.

அன்று பெற்றோரிடம் நான் சொன்னது இவ்வளவே: "உங்கள் மகளைத் தடுக்கும்படி என்னிடம் கேட்காதேயுங்கள். ஒருமுறை அவள் சொன்னதைக் கேளாமல் போனேன். இரண்டாம் முறை அந்தத் தவற்றைச் செய்ய மாட்டேன்." தகப்பனார் வெகுநேரம் மௌனமாக இருந்தார். தாயார் இன்னும் முழுமனதோடு சம்மதிக்கவில்லை, அவர்களுக்காக ஜெபியுங்கள்.

மறுநாள் நான் அந்த மகளைத் தொலைபேசியில் அழைத்து மன்னிப்புக் கேட்டேன். சற்று நேரம் பேச்சில்லை. பிறகு அவள் சொன்னாள்: "ஐயா, அன்றைக்கு நானும் இன்னும் தெளிவாகச் சொல்லியிருக்கலாம். எண்ணிக்கை ஏறுகிறது என்று மட்டும் தெரிந்தது. அது எதைக் குறிக்கிறது என்று உங்களுக்குப் புரியும்படி சொல்ல எனக்குத் தெரியவில்லை. அதைக் கற்றுக்கொள்ளத்தான் போகிறேன்."

வருகிற ஞாயிறு ஆராதனையில் அவளுக்காக விசேஷமாக ஜெபிப்போம்.

ஜெபம்: எங்கள் நல்ல மேய்ப்பரே, எங்களை ஒவ்வொருவராக எண்ணி அறிந்திருக்கிறவரே, நீர் அனுப்பின எச்சரிப்பின் குரலை அசட்டை செய்த எங்களை மன்னியும். மறைவான இடங்களில் எங்களுக்காக விழித்திருக்கிறவர்களைப் பெலப்படுத்தும். கற்கப்போகிற பிள்ளைகளுக்குக் கூர்மையான கண்களையும் இளகிய இருதயத்தையும் தாரும். செழிப்பின் நாட்களில் கேட்கிற செவியை எங்களுக்குத் தந்தருளும். இயேசுவின் நாமத்தில் வேண்டுகிறோம். ஆமென்.